பெயரைக் கூப்பிடும்போது

1941 டிசம்பர் 8, பிற்பகல். வாஷிங்டனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கூடியிருக்கிறது. பேர்ல் ஹார்பரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி ஒரு நாள்தான் ஆகிறது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார். மேலவையான செனட்டில் 82 பேரும் போருக்கு ஆம் சொல்லிவிட்டார்கள். எதிர்த்து ஒரு குரல்கூட இல்லை. கீழவையில் எழுத்தர் உறுப்பினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறார். ஆம், ஆம், ஆம் என்று பதில் வருகிறது. மொன்டானா மாநிலத்து ஜெனட் ரேங்கினின் முறை வந்தது. அப்போது அவருக்கு வயது 61. இல்லை என்றார்.

அவையில் சீறல் எழுந்தது. சிலர் அருகே வந்து, வாக்கை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வாக்களிக்காமலாவது இருங்கள் என்று மன்றாடினார்கள். அவர் மசியவில்லை. 388-க்கு 1. வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, பக்கத்திலிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். காவலர்கள் வந்துதான் அவரை அறைவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

எண்பது ஆண்டுகள் கடந்தும் அந்த 'இல்லை' யாருடைய வாயிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரிகிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் உலகத்தின் பெரும்பாலான சட்டங்கள் யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார் என்று எவருக்கும் தெரியாமல்தான் பிறந்திருக்கின்றன. ஒரு மன்றத்தில் கூச்சல் எழும், தலைவர் காதால் கேட்டு முடிவு சொல்வார், அத்தோடு முடிந்தது. யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பெயரோடு எழுதி வைக்க வேண்டும், அதை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வருவதற்கே நெடுங்காலம் பிடித்தது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை எடுத்துக்கொள்வோம். பழைய காமன்ஸ் அவையில் வாக்கெடுப்பு என்றால் ஒரு தரப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், மறுதரப்பு எழுந்து வெளியே போகும். எண்ணுகிறவர்கள் தலைகளை எண்ணுவார்கள். 1834-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அதன் பிறகு, 1836-இல், இரண்டு தரப்பும் நடந்துபோக இரண்டு தனித்தனிக் கூடங்கள் வந்தன. ஆம் என்பவர்கள் ஒரு கூடத்தின் வழியாகவும் இல்லை என்பவர்கள் இன்னொன்றின் வழியாகவும் நடந்தார்கள். வாசலில் எழுத்தர்கள் பெயரைக் குறித்தார்கள். அதே ஆண்டில் அந்தப் பட்டியல்கள் அதிகாரபூர்வமாக அச்சில் வரத் தொடங்கின. ஒரு கட்டடம் மாறியதும், தன் ஊர் உறுப்பினர் நேற்றிரவு எந்தக் கதவு வழியே நடந்தார் என்று வாக்காளர் காலையில் படிக்க முடிந்தது.

அமெரிக்காவில் இது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் போதும், ஆம் இல்லை வாக்குகளைப் பெயரோடு நாட்குறிப்பில் பதிந்தாக வேண்டும். இந்த ஒரு வரியின் பயனாக 1789 முதல் இன்று வரை அந்த நாட்டுக் காங்கிரசில் பெயரோடு பதிவான வாக்குகள் எல்லாம் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அடிமை முறை, இருப்புப்பாதை, சுங்க வரி, இரண்டு உலகப் போர், நிலவுப் பயணம் என எல்லாமே அதில் ஆம் என்றும் இல்லை என்றும் கிடக்கின்றன.

பெயர் கூப்பிடுவது மெதுவான வேலை. நூற்றுக்கணக்கானவர்களின் பெயரைப் படித்து, பதில் சொல்லாதவர்களை மறுபடி கூப்பிட்டு முடிப்பதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். தந்தி அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 22 வயது இளைஞர் ஒருவர் இதைச் சரிசெய்ய நினைத்தார். ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் ஒரு விசை. அதை ஒரு பக்கம் தள்ளினால் ஆம், மறுபக்கம் தள்ளினால் இல்லை. மின்சாரம் கம்பி வழியே எழுத்தரின் மேசைக்குப் போகும். அங்கே உறுப்பினர்களின் பெயர்கள் உலோக எழுத்தில் இரண்டு வரிசையாக இருக்கும். மேலே வேதிப்பொருள் தோய்த்த தாளை வைத்து உருளையை ஓட்டினால், மின்சாரம் பாய்ந்த பெயர் மட்டும் தாளில் கறுத்துப் பதியும். கூட்டுத்தொகையை முள் காட்டும். 1869 ஜூனில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த இளைஞர் தாமஸ் ஆல்வா எடிசன். அவர் வாங்கிய ஆயிரத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகளில் இதுதான் முதல்.

கருவியை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது சரியாக வேலை செய்ததுதான் சிக்கல். பெயர் கூப்பிடும் அந்த நீண்ட நேரம் சிறுபான்மையின் ஆயுதம். அதற்குள் மனம் மாறுபவர் மாறலாம், பேரம் பேசலாம், மசோதாவை இழுத்தடிக்கலாம். அந்த நேரத்தை ஒழித்துவிடும் கருவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. யாரும் விரும்பாத ஒன்றை இனி உருவாக்குவதில்லை என்று எடிசன் முடிவெடுத்தது இதற்குப் பிறகுதான். பிரதிநிதிகள் சபைக்கு மின்னணு வாக்குப்பதிவு வர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செனட்டில் இன்றைக்கும் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இப்படிச் சேர்ந்த ஆம் இல்லைகளைக் கொண்டு என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஒரு வாக்கில் இருப்பது மிகச் சிறிய செய்தி. காரணம் கிடையாது, தயக்கம் கிடையாது, எவ்வளவு அழுத்தமாகச் சொன்னார் என்பதும் கிடையாது. கணினிக்காரர்கள் ஒரு பிட் என்று சொல்வார்களே, பூச்சியம் அல்லது ஒன்று, அவ்வளவுதான். இந்தப் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் அரசியல் நிலையை அளந்துவிடலாம் என்று 1980-களின் தொடக்கத்தில் இரண்டு பேர் நம்பினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த கீத் பூல், ஹவர்ட் ரோசென்தால். அவர்கள் கண்டுபிடித்த முறைக்கு நாமினேட் என்று பெயர். எனக்குத் தெரிந்த கணிதப் பயன்பாடுகளில் மிக அழகானவற்றுள் இது ஒன்று. அதனால் கொஞ்சம் நின்றே சொல்கிறேன்.

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம், பாம்பன் என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்தச் சாலையோரத்தில் எங்கோ ஒருவர் குடியிருக்கிறார். எங்கே என்று அவர் சொல்லமாட்டார். நாம் அவரிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கிறோம். ஒரு பெரிய மருத்துவமனை வரப்போகிறது. மானாமதுரையில் வைக்கலாமா, இராமநாதபுரத்தில் வைக்கலாமா? இராமநாதபுரம் என்கிறார். எவருமே தனக்குப் பக்கத்தில் இருப்பதைத்தானே கேட்பார். இந்த இரண்டு ஊருக்கும் நட்டநடு ஏறக்குறைய பரமக்குடி. ஆகவே அவர் பரமக்குடிக்குக் கிழக்கே எங்கோ இருக்கிறார். அடுத்த கேள்வி: ஒரு கல்லூரி வரப்போகிறது, பரமக்குடியிலா, மண்டபத்திலா? பரமக்குடி என்கிறார். இந்த இரண்டுக்கும் நடு இராமநாதபுரத்தை ஒட்டி விழுகிறது. அப்படியானால் அவர் இராமநாதபுரத்துக்கு மேற்கே இருப்பவர். இரண்டே பதில்கள், அவர் வீடு பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவில் என்று தெரிந்துவிட்டது. இன்னும் நூறு கேள்வி கேட்டால் தெருவையே சொல்லிவிடலாம்.

நாடாளுமன்ற உறுப்பினரும் இப்படி ஒரு சாலையில் குடியிருப்பவர்தான் என்பது அடிப்படை எண்ணம். ஒவ்வொரு மசோதாவும் ஒரு கேள்வி. மசோதா நிறைவேறினால் நாடு சாலையின் ஓர் இடத்துக்குப் போகும். தோற்றால் இன்னோர் இடத்தில் நிற்கும். எது தனக்குப் பக்கமோ அதற்கு உறுப்பினர் கை தூக்குவார். நடுவில் விழும் கோடு அவையை இரண்டாகப் பிரிக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் விளையாட்டில் ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். பூலின் கணினிக்கு அதுவும் தெரியாது. மசோதா எதைப் பற்றியது, யார் எந்தக் கட்சி, எந்த மாநிலம் என்று எதையும் அதனிடம் சொல்லவில்லை. கையில் இருப்பது ஆம், இல்லை என்ற பட்டியல் மட்டும். உறுப்பினர்களின் இடத்தை முதலில் ஊகிக்கிறது, அதை வைத்துக் கோடுகள் எங்கே விழும் என்று கணக்கிடுகிறது, அந்தக் கோடுகளை வைத்து உறுப்பினர்களைக் கொஞ்சம் நகர்த்துகிறது, மறுபடி கோடுகளை. இனி நகர்த்த வேண்டியதில்லை என்ற நிலை வரும்வரை இப்படியே போகிறது. மண்டபத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காக ஒருவர் அந்தப் பக்கம் கை தூக்கலாம் அல்லவா, அப்படிப்பட்ட சறுக்கல்களுக்கும் கணக்கில் இடம் உண்டு. கோட்டை ஒட்டி நிற்பவர் தடுமாற வாய்ப்பு அதிகம், தொலைவில் இருப்பவர் தடுமாற வாய்ப்புக் குறைவு. அந்தக் காலத்தில் இதை ஓட்டி முடிக்க சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. முடிவில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண் வரும். பெரும்பாலும் கழித்தல் ஒன்றுக்கும் கூட்டல் ஒன்றுக்கும் நடுவில்.

கட்சி என்றால் என்னவென்றே தெரியாத அந்தக் கணக்கு, கட்சிகளைத் தானாகப் பிரித்துக் காட்டியது. டெமாக்ரட்டுகள் ஒரு பக்கம் குவிந்தார்கள், ரிபப்ளிகன்கள் மறுபக்கம். அதைவிட வியப்பு, மிகப் பெரும்பாலான வாக்குகளை விளக்க ஒரே ஒரு சாலை போதுமாக இருந்தது. வரி, நலத்திட்டம், சுற்றுச்சூழல், கல்வி என்று தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான மசோதாக்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து ஊகித்தால் நூற்றுக்கு 83 வாக்குகள் அளவில் சரியாக அமைந்தன. எல்லாரும் வென்ற பக்கம்தான் வாக்களித்திருப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் இரண்டு சரியாக வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும், இரண்டு நூற்றாண்டுகளின் சச்சரவெல்லாம் ஒரு கோட்டில் அடங்குவது சின்ன விஷயமல்ல.

அடங்காத காலங்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், கறுப்பின மக்களின் உரிமை பற்றிய வாக்குகள் அந்தச் சாலையில் உட்காரவில்லை. தெற்கு மாநில டெமாக்ரட்டுகள் ஒரு பக்கமும் வடக்கு மாநில டெமாக்ரட்டுகள் மறுபக்கமுமாகப் பிரிந்தார்கள். குறுக்கே இன்னொரு சாலை, இரண்டாவது பரிமாணம் தேவைப்பட்டது. 1850-களின் தொடக்கத்தில் கணக்கே கலைந்துபோகிறது. அடிமை முறை பற்றிய சண்டையில் பழைய விக் கட்சி உடைந்து சிதறிய நேரம் அது. எவர் எங்கே நிற்கிறார் என்று எந்த எண்ணாலும் சொல்ல முடியவில்லை. பத்தாண்டுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. சாலைகள் அழிந்த ஒரு நாட்டின் படத்தை ஆம் இல்லைகளின் பட்டியல் அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. மனிதர்கள் நகர்வதே இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் அவையில் இருந்தவர்கள் வந்த நாளில் எங்கே நின்றார்களோ ஏறத்தாழ அங்கேயேதான் ஓய்வு பெற்றார்கள். அவை மாறுகிறது என்றால் ஆட்கள் மாறுகிறார்கள் என்று பொருள். 1970-களில் இரண்டு கட்சிகளின் குவியல்களும் நடுவில் கொஞ்சம் கலந்து கிடந்தன. பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் விலகி விலகி, இன்று நடுவே ஆளில்லாத வெட்டவெளி.

இந்த எண் ஏமாற்றுவதும் உண்டு. அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் 2019-இல் பிரதிநிதிகள் சபைக்கு வந்தார். இடதுசாரி என்று நாடே அறிந்தவர். நாமினேட் கணக்கு அவரைத் தன் கட்சியின் மிதவாதிகளோடு கொண்டுபோய் வைத்தது. காரணம் எளிது. தன் கட்சி கொண்டுவந்த சில மசோதாக்கள் போதுமான அளவு போகவில்லை என்று அவர் இல்லை என்றார். அதே மசோதாக்கள் எல்லை மீறிப் போகின்றன என்று ரிபப்ளிகன்களும் இல்லை என்றார்கள். சாலையின் இரண்டு முனையில் இருப்பவர்களும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் இரண்டு 'இல்லை'க்கும் ஒரே எழுத்துதான். பிரிட்டனிலும் இதே சிக்கல் உண்டு. சொந்த அரசை இடதுபக்கமிருந்து எதிர்த்த லேபர் கட்சிக்காரர்களை இந்த வகைக் கணக்கு நடுவில் நிறுத்திவிடும்.

இனி ரேங்கினுக்குத் திரும்பலாம். நம் சாலையில் இருப்பவர்களைக் கூட்டி, மருத்துவமனை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் எல்லாரும் வேண்டும் என்பார்கள். அதிலிருந்து யாருடைய வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. ஏறக்குறைய எல்லாரும் ஒரே பக்கம் நிற்கும் வாக்கெடுப்பு இந்தக் கணக்குக்கு எதையும் சொல்வதில்லை. அதனால் பூலும் ரோசென்தாலும் ஒரு வரம்பு வைத்தார்கள். தோற்ற பக்கத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்குக்கும் குறைவானவர்கள் இருந்தால் அந்த வாக்கெடுப்பையே ஒதுக்கிவிட வேண்டும். 389 பேரில் ஒருவர் என்பது நூற்றுக்குக் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது. ஜெனட் ரேங்கின் யார் என்று உலகம் எதை வைத்து நினைவில் வைத்திருக்கிறதோ அந்த வாக்கு அவருடைய எண்ணைக் கணக்கிடும்போது சேர்வதில்லை. கணக்கின் மேல் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவர் வழக்கமாக எங்கே நிற்பார் என்று சொல்வதுதான் அதன் வேலை. மற்ற எல்லாரும் வேறு பக்கம் இருக்கையில் ஒருவர் தனியாக நிற்பதை அளக்க அதில் கோல் இல்லை.

ரேங்கின் பிற்காலத்தில் காந்தியின் வழியை அறிந்துகொள்ள இந்தியாவுக்குப் பலமுறை வந்தவர். அவர் இங்கே ஓர் உறுப்பினராக இருந்திருந்தால் அந்த 'இல்லை' என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

முதலில், அது பதிவாகியிருக்குமா என்பதே ஐயம். மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க, சபாநாயகர் காதால் கேட்டு முடிவு சொல்கிறார். யாராவது ஒப்புக்கொள்ளாமல் டிவிஷன், அதாவது எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு, கேட்டால் மூன்றரை நிமிடம் மணி அடிக்கும். பிறகு பொத்தான், பச்சை, சிவப்பு, மஞ்சள் விளக்கு. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணி முடிவு அறிவிக்கலாம். அப்போது பெயர்கள் பதியப்படமாட்டா என்று விதியே சொல்கிறது. அரசியல் சட்டத் திருத்தங்களுக்கு மட்டும் வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் எண்ணியே தீர வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஆதரவு 454, எதிர்ப்பு 2 என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

அடுத்து, கட்சியின் உத்தரவைக் கொண்டுவரும் கொறடா. 1985-இல் 52-ஆம் திருத்தத்தின் வழியே கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. காலையில் ஒரு கட்சி மாலையில் ஒரு கட்சி என்று உறுப்பினர்கள் விலைபோன காலத்துக்கு முடிவு கட்ட வந்த சட்டம். அன்றைய நோய் உண்மையானது. ஆனால் மருந்து இப்படி எழுதப்பட்டது: கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்கு மட்டும் என்றில்லை, எந்த மசோதாவுக்கும் இது பொருந்தும். 1992-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இந்த மக்களவையின் ஆம் இல்லைகளை எடுத்து நாமினேட் கணினிக்குள் போட்டால் என்ன வரும்? கட்சிக்கு ஒரு புள்ளி வரும். ஐம்பது பேர் இருக்கும் கட்சியில் ஐம்பது பேரும் ஒரே வீட்டில் குடியிருப்பதாகக் கணக்குச் சொல்லும். உறுப்பினர் என்ற மனிதர் அந்தப் படத்தில் இல்லை. உங்கள் தொகுதி உறுப்பினர் எத்தனை நாள் அவைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்றெல்லாம் செய்தித்தாள்கள் அட்டவணை போடுகின்றனவே, எப்படி வாக்களித்தார் என்ற பத்தி அதில் இருப்பதில்லை. போட்டால் ஒவ்வொரு வரியிலும் கட்சியின் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

வாக்கு ஊருக்குத் தெரிவதற்கும் மறுபக்கம் உண்டு என்பதைத் தமிழ்நாடு கண்ணெதிரே பார்த்தது. 2017 பிப்ரவரி 18. சட்டப்பேரவையில் எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆளும் கட்சி உறுப்பினர்கள் நாள் கணக்கில் விடுதியில் தங்கவைக்கப்பட்டு நேரே அவைக்கு வந்திருந்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகளும் ஓ. பன்னீர்செல்வம் அணியும் கேட்டன. சபாநாயகர் தனபால் மறுத்தார். அவை ரணகளமாகி, எதிர்க்கட்சிகள் இல்லாத அவையில் ஆதரவு 122, எதிர்ப்பு 11 என்று எண்ணப்பட்டது. வாக்காளரின் கண்ணுக்குத் தெரியும் வாக்கு, உறுப்பினரை அடைத்து வைத்திருப்பவரின் கண்ணுக்கும் தெரியும். மறைவில் விட்டிருந்தால் எண்கள் மாறியிருக்குமா என்று தமிழ்நாடு அன்றைக்கு வீட்டுக்கு வீடு வாதாடியது.

மறைவில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி சாட்சி. அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் 1988 வரை ரகசிய வாக்கு பரவலாக இருந்தது. ஆளும் கூட்டணிக்கு எண்ணிக்கை இருக்கும், ஆனாலும் மசோதா தோற்கும். சொந்தக் கட்சிக்காரர்களே மறைந்திருந்து சுட்டிருப்பார்கள். அவர்களை மறைந்திருந்து சுடுபவர்கள் என்றே இத்தாலியர்கள் அழைத்தார்கள். மனசாட்சிப்படி எதிர்த்தவர் யார், பதவி கிடைக்காத கோபத்தில் எதிர்த்தவர் யார் என்று பிரித்தறிய எவராலும் முடியவில்லை. 1988-இல் பெரும்பாலான வாக்குகளை வெளிப்படையாக்கினார்கள்.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். வாக்கு ஊருக்குத் தெரிய வேண்டும். ஆட்சியே கவிழும் வாக்குகளைத் தவிர மற்றவற்றில் கொறடாவின் கை கட்டப்பட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பதிவேட்டில் எழுத்து இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

1941-க்கு முன்பே ரேங்கின் ஒருமுறை இல்லை சொல்லியிருக்கிறார். 1917 ஏப்ரல் 2 அன்று, அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண்ணாக அவர் பதவியேற்றார். அன்றைக்கே குடியரசுத் தலைவர் வில்சன் ஜெர்மனி மீது போர் அறிவிக்கும்படி கேட்டார். ஏப்ரல் 6, விடிவதற்கு முன்பான இருட்டு நேரம். எழுத்தர் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தார். ரேங்கினின் பெயர் வந்தது. பதில் இல்லை. எழுத்தர் அடுத்த பெயருக்குப் போனார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களில் பலரே, போரை எதிர்த்தால் நம் கோரிக்கை கெட்டுப்போகும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். மற்றப் பெயர்களெல்லாம் முடிந்து, விட்டுப்போனவர்களை எழுத்தர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை ரேங்கின் எழுந்தார். வாக்களிக்கும்போது பேசக்கூடாது என்ற மரபை மீறி, தன் நாட்டோடு நிற்க விரும்புவதாகவும் ஆனால் போருக்கு வாக்களிக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார்.

373-க்கு 50. பூலின் கணக்கில் சேரும் அளவுக்குப் பெரிய சிறுபான்மை. அட்டவணையில் ரேங்கினின் பெயருக்கு நேரே 'இல்லை' என்று இருக்கிறது. முதல்முறை கூப்பிட்டதற்கும் இரண்டாம் முறை கூப்பிட்டதற்கும் நடுவில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு அதில் கட்டம் இல்லை.